டெல்லிக்குத் தனியாக வேலைக்கு வரும் நம்ம ஊர்ப் பெண்ணுக்கு: வீடு, காகிதம், குளிர்

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் என்னுடையது. 2022 ஆகஸ்டில், இருபத்து மூன்று வயதில், ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தேன். முதல் ஐந்து மாதத்தில் மூன்று இடம் மாறினேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் முன்பணம் கைவிட்டுப் போனது. ஆதாரில் முகவரி மாற்றக் கொடுத்த விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது. யாராவது ஒருத்தர் முன்னாலேயே உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பாலும் நடந்திருக்காது. இப்போது எங்கள் ஊரிலிருந்தும் கோவில்பட்டி, தென்காசிப் பக்கமிருந்தும் புதிதாக வரும் பெண்கள் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். போனில் துண்டு துண்டாகச் சொல்வதை வரிசையாக எழுதிவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வாடகை ஆயிரம் ரூபாய் கூடுதலா குறைவா என்பதைவிட, வாடகை ஒப்பந்தம் யார் கையெழுத்தில், என்ன வாசகத்தோடு இருக்கிறது என்பதுதான் பெரிது. போலீஸ் சரிபார்ப்பு, ஆதார் முகவரி, கேஸ், கரண்ட் காசு, கடைசியில் முன்பணம் திரும்ப வருவது எல்லாமே அந்த இரண்டு மூன்று பக்கத்தில்தான் தொங்குகிறது.

1. ஊரிலேயே பெயரைச் சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள்

நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். என் ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நின்றது. பட்டச் சான்றிதழில் இனிஷியல் முன்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அலுவலகத்தில் வருங்கால வைப்புநிதிக் கணக்கு தொடங்க அதுவே ஆறு வாரம் இழுத்தது.

ஆதார், பான், வங்கிக் கணக்கு, இந்த மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே திருத்தக் கொடுங்கள். ஆதார் மையத்தில் பெயர், முகவரி போன்ற திருத்தத்துக்கு 2025 அக்டோபர் முதல் ரூ.75. ஊரில் இருந்தால் அப்பா அம்மா துணைக்கு வருவார்கள், பள்ளிச் சான்றிதழ் பக்கத்து பீரோவில் இருக்கும். இங்கே வந்தபின் ஒவ்வொன்றுக்கும் கூரியர்தான்.

ஆதாரோடு இணைத்த செல்பேசி எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். ஓடிபி இல்லாமல் இங்கே ஒரு வேலையும் நடக்காது. புது ஊர் என்று புது சிம் வாங்கத் தேவையே இல்லை, பழையது அப்படியே வேலை செய்யும்.

பையில் இவை இருக்கட்டும்: வேலை உத்தரவின் அசல், ஆதார் நகல் பத்து, பாஸ்போர்ட் அளவுப் படம் இருபது, அப்பா அல்லது அம்மாவின் ஆதார் நகல், ஊரில் உள்ள இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் ஒன்று. கடைசியில் சொன்ன தாள் போலீஸ் படிவத்துக்கு வேண்டும். ஆதார் நகல் யாரிடம் கொடுத்தாலும் அதன்மேல் குறுக்காக, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

2. எந்த மாதம், எந்த ரயில்

தேதி உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர் கடைசியிலோ பிப்ரவரியிலோ வாருங்கள். மே, ஜூனில் 45 டிகிரி வரை போகும், லூ என்னும் அனல்காற்று அடிக்கும், அந்த வெயிலில் வீடு தேடி அலைய முடியாது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்கள் பல மணிநேரம் தாமதமாகும். நள்ளிரவில் தெரியாத நிலையத்தில் நிற்க நேரும்.

தென்மாவட்டத்திலிருந்து நேராக வர வாரம் இருமுறை ஓடும் கன்னியாகுமரி – நிஜாமுதீன் திருக்குறள் எக்ஸ்பிரஸ் நல்லது. திருநெல்வேலியிலும் மதுரையிலும் ஏறலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னையில் மாற வேண்டாம். சென்னையிலிருந்து என்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், இரவு ஏறினால் நடுவில் ஒரு பகல், மூன்றாம் நாள் காலையில் புது டெல்லி. முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கும், 2024 நவம்பருக்கு முன் இருந்த 120 நாள் கணக்கை நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோ வரை சாமான் இலவசம். அதற்குள் அடங்காததைப் பார்சலில் போடுவதைவிட இங்கே வாங்குவது மலிவு. குக்கரும் இட்லித் தட்டும் மட்டும் கொண்டுவாருங்கள்.

புது டெல்லி நிலையத்தில் இறங்கினால் அஜ்மேரி கேட் பக்கமாக வெளியே வாருங்கள், மெட்ரோ அங்கேதான். பஹாட்கஞ்ச் பக்கம் போய்விட்டால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நிஜாமுதீனிலும் பக்கத்திலேயே பிங்க் லைன் மெட்ரோ இருக்கிறது. "மெட்ரோ இன்று ஓடவில்லை, வாருங்கள் கொண்டுவிடுகிறேன்" என்று ஒருவர் பெட்டியில் கை வைப்பார். நில்லாமல் நடங்கள். மெட்ரோவில் ஒரு பெட்டி 25 கிலோ வரைதான் அனுமதி, ஒரே பெரிய மூட்டையாகக் கட்டாதீர்கள்.

3. முதல் பதினைந்து நாள் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி), அதற்குமேல் யோசியுங்கள்

ஊரில் உட்கார்ந்துகொண்டு படத்தைப் பார்த்து வீடு பிடிக்காதீர்கள். இணையத்தில் அழகான வீடு, குறைந்த வாடகை என்று போட்டிருப்பார்கள். பேசினால் "நான் ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம், நேரில் காட்ட முடியாது" என்று சொல்லி அடையாள அட்டைப் படம்கூட அனுப்புவார்கள். பிறகு ஒரு கியூஆர் வரும், ஸ்கேன் செய்தால் உங்களுக்குப் பணம் வரும் என்பார்கள். பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, ரகசிய எண்ணும் போட வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

முதல் இரண்டு வாரத்துக்கு அலுவலகத்துக்குப் பக்கத்தில் பெண்கள் பிஜி ஒன்று போதும். இருவர் அறை, சாப்பாட்டோடு மாதம் ஒன்பதாயிரத்திலிருந்து பதினான்காயிரம் வரை நான் பார்த்தேன். பதினைந்து நாளுக்கு எனக்கு ஆறாயிரம் ஆனது. முழு மாதம் கேட்டால் வேறு இடம் பாருங்கள். மத்திய அரசின் சகி நிவாஸ் திட்டத்தில் வேலைபார்க்கும் பெண்களுக்கான விடுதிகள் உண்டு. காலியிடம் அரிது என்றாலும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே விண்ணப்பித்து வையுங்கள். என் தோழி ஒருத்திக்கு நான்காவது மாதம் கிடைத்தது, இன்றும் அங்கேதான் நிம்மதியாக இருக்கிறாள்.

பிஜியில் மூன்றைச் சரிபாருங்கள்: இரவு எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள், வரவேற்பு மேசையில் உள்ளவர் யார், மாடிப்படி ஒன்று அடைந்தால் வெளியேற வேறு வழி உண்டா. சன்னல் இல்லாத அறை மலிவாக வரும். வேண்டாம்.

4. வீடு பார்ப்பது

பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மவர்கள் இருக்கும் இடம் என்று மட்டும் பார்க்காதீர்கள். ஆர்.கே.புரம், முனிர்க்கா, கரோல்பாக், மயூர் விஹார் எல்லாம் தமிழும் மலையாளமும் காதில் விழும் இடங்கள்தான். ஆர்.கே.புரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, மலை மந்திர் என்று எல்லோரும் சொல்லும் சுவாமிநாதசுவாமி கோயில் இருக்கிறது. ஆனால் அலுவலகம் நொய்டாவில் இருந்துகொண்டு முனிர்க்காவில் வீடு எடுத்தால் தினமும் போக வரவே நிறைய நேரம் போய்விடும். மெட்ரோவில் ஒரே ஒரு மாற்றத்துக்குள், நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தை இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, நாய் கூட்டம் எங்கே, எல்லாம் அப்போதுதான் தெரியும்.

தரகருக்கு இங்கே அரை மாத வாடகையிலிருந்து ஒரு மாத வாடகை வரை. முதலிலேயே தொகையைப் பேசி வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வீடு காட்டவே ஐந்நூறு கேட்பவர் வேண்டாம். முன்பணம் ஒரு மாதம் அல்லது இரண்டு மாத வாடகை. சென்னைக் கணக்குக்கு இது குறைவு என்று சந்தோஷப்பட்டு உடனே கொடுத்துவிடத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

நான் இரண்டாவதாக எடுத்த இடம் ஒரு சந்துக்குள் இரண்டாம் மாடி அறை, மாதம் பன்னிரண்டாயிரம். பார்த்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். குழாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. "இன்று மாலை வேறொருத்தர் வருகிறார், இப்போதே டோக்கன் கொடுத்தால் உங்களுக்கு" என்றார் வீட்டைக் காட்டியவர். கொடுத்தேன். குடிபோன மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குத் தெரிந்தது, கீழ்வீட்டுக்காரர்கள் மோட்டார் போட்டால் எனக்கு வருவது ஒரு நூல் அளவு. பல் விளக்கும் வாளி நிறைய இருபது நிமிடம். அதைவிடப் பெரிய விஷயம், என்னிடம் பணம் வாங்கியவர் வீட்டுக்காரரே இல்லை. நாற்பது நாள் கழித்து உண்மையான உரிமையாளர் வந்து கதவைத் தட்டினார், அவர் கையில் என் ஒப்பந்தத்தைக் கொடுத்தபோது அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. காலி செய்ய வேண்டியதாயிற்று. முன்பணம் வரவில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வீட்டை இரண்டு முறை பாருங்கள், ஒருமுறை காலை ஆறரைக்கு. "பானி கித்னே பஜே ஆதா ஹை", அதாவது தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். அந்தத் தண்ணீர் அரசுக் குழாயா, ஆழ்துளையா என்றும் கேளுங்கள்; ஆழ்துளை உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. உரிமையாளரின் அடையாள அட்டையையும், அந்த முகவரி உள்ள கரண்ட் பில்லையும் நேரில் பார்த்து இரண்டிலும் பெயர் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். காட்ட மறுத்தால் வந்துவிடுங்கள். மொட்டைமாடி ஒற்றை அறையை இங்கே பர்சாத்தி என்பார்கள். காற்றும் வெளிச்சமும் மயக்கும், மே மாதம் அதில் படுக்க முடியாது.

"வெஜ்ஜா நான்வெஜ்ஜா" என்று கேட்பார்கள். கருவாடு வறுக்காமல் இருக்க முடியாதவர் என்றால் உண்மையைச் சொல்லி வேறு வீடு பாருங்கள். ஒளித்துச் சமைத்து மாட்டிக்கொண்டு நடுமாதத்தில் வெளியேறிய பெண்ணை எனக்குத் தெரியும். "ஆண் நண்பர்கள் வருவார்களா" என்றும் கேட்பார்கள். அப்பா, தம்பி வந்தால் தங்கலாமா என்று நீங்களும் திருப்பிக் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இரவு கதவுச் சாவி ஒன்று உங்கள் கையில் வேண்டும். அலுவலகத்தில் மாத முடிவுக் கணக்கு முடித்து பத்தரைக்கு வரும் பெண்ணுக்குக் கதவு திறக்கமாட்டேன் என்று சொல்லும் வீடு, வாடகை எவ்வளவு குறைந்தாலும் சரிப்படாது.

5. ஒப்பந்தம்: ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்

பதினோரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் இந்த வழக்கம். முத்திரைத்தாள், தட்டச்சு, நோட்டரி எல்லாம் சேர்த்து எனக்கு ரூ.900 ஆனது. பதிவு செய்ய வீட்டுக்காரர் சம்மதித்தால் செலவு கூடுதலானாலும் விடாதீர்கள். அடுத்த படியில் ஏன் என்று புரியும்.

வாசகத்தில் இவை இருக்க வேண்டும்.

லாக்-இன் காலம். ஆறு மாதத்துக்கு முன் காலி செய்தால் முன்பணம் கிடையாது என்று ஒரு வரியை நைசாகச் சேர்த்திருப்பார்கள். அதை எடுக்கச் சொல்லுங்கள், அல்லது இரண்டு மாதமாகக் குறைக்கச் சொல்லுங்கள். இரு தரப்புக்கும் ஒரு மாத முன்னறிவிப்பு என்று எழுதுங்கள்.

கரண்ட். டெல்லியில் மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் மானியத்தால் பில்லே வராது, 201 முதல் 400 வரை பாதிச் சலுகை. ஆனால் பல வீடுகளில் உங்களுக்குத் தனி மீட்டர் இருக்காது, துணை மீட்டர் ஒன்றை மாட்டி யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது, பத்து என்று வாங்குவார்கள். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை ஐந்நூறு கூடுதலாகக் கொடுக்கலாம். துணை மீட்டர்தான் என்றால் யூனிட் விலையை எழுதி, குடிபோகும் அன்று மீட்டர் எண்ணைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பி வையுங்கள்.

சுவர், கீசர், மின்விசிறி, குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அதையும் அனுப்புங்கள். பூச்சு வேலை யார் செலவு என்பதும் ஒரு வரி.

வாடகையை வங்கி வழியாகத்தான் கொடுப்பேன் என்று சொல்லுங்கள். பழைய வரி முறையில் வீட்டு வாடகைப்படிக் கழிவு கேட்பவர் என்றால், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். மாதம் பதின்மூன்றாயிரம் என்றாலே தாண்டிவிடும். மார்ச்சில் போய்க் கேட்டால் தரமாட்டார், ஒப்பந்தத்திலேயே வாங்கிவிடுங்கள்.

கையெழுத்தான அன்றே போலீஸ் சரிபார்ப்பு. குடிவருபவர் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் கடமை, தவறினால் அவர்மேல் வழக்கு வரும். டெல்லி காவல்துறை இணையதளத்தில் படிவத்தை நிரப்பலாம், காசு கிடையாது. "ஐந்நூறு கொடுங்கள், நான் முடித்துவிடுகிறேன்" என்று தரகர் சொல்வார், கொடுக்காதீர்கள். ஒப்புகைச் சீட்டின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ஏதாவது தகராறு வந்தால், இந்த வீட்டில் முறையாகக் குடியிருக்கிறேன் என்று காட்ட அதைவிட நல்ல காகிதம் இல்லை.

6. ஆதார் முகவரி, கேஸ், பஸ் அட்டை

நோட்டரி ஒப்பந்தத்தை இணைத்து நான் போட்ட விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் மூன்று வாரத்துக்கு மேல் காத்திருந்த பிறகுதான் பதில் வந்தது. பதிவு செய்த ஒப்பந்தம் வைத்திருந்த தோழிக்கு முதல் தடவையே முடிந்தது. பதிவு இல்லாதவர்களுக்கு எனக்குக் கைகொடுத்த வழி இது: ஆதார் ஆணையத்தின் சான்றிதழ்ப் படிவம் ஒன்று அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது, அதில் படம் ஒட்டி, முகவரி எழுதி, கெஜட்டட் அதிகாரி ஒருவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். மாநகராட்சி உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோ தந்தாலும் செல்லும். மூன்று மாதம் வரைதான் அது செல்லுபடி. முத்திரை படத்தின்மேல் பாதியும் தாளின்மேல் பாதியும் விழ வேண்டும், தேதி விடுபடக்கூடாது. முகவரியை அதில் எப்படி எழுதியிருக்கிறதோ, ஒரு கமா பிசகாமல் விண்ணப்பத்திலும் அப்படியே எழுதுங்கள்.

கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று வரும்வரை பட்டினி கிடக்க வேண்டாம். ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டை மட்டும் காட்டி ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் வாங்கலாம். ஒரு ஆளுக்கு ஒரு மாதம் ஓடும். தெருமுனையில் பெரிய சிலிண்டரிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் கடைக்கு மட்டும் போகாதீர்கள், அது நெருப்போடு விளையாடுவது.

டெல்லி அரசின் டிடிசி பஸ்ஸில் பெண்களுக்கு 2019 அக்டோபரிலிருந்து இலவசப் பயணம் பிங்க் டிக்கெட்டாக இருந்தது. அதை டெல்லி முகவரி உள்ள பெண்களுக்கான சஹேலி அட்டையாக மாற்றுவதாக 2025-இல் அரசு அறிவித்தது. ஆதாரில் முகவரியைச் சீக்கிரம் மாற்றிக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

7. போக்குவரத்து

மெட்ரோவில் ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. நடைமேடையில் பிங்க் நிறத்தில் எழுதியிருக்கும். 2025 ஆகஸ்ட் 25 முதல் கட்டணம் குறைந்தது 11 ரூபாய், அதிகம் 64. பன்னிரண்டு முதல் இருபத்தோரு கிலோமீட்டர் வரை 43. ஸ்மார்ட் கார்டு வாங்குங்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் பத்து சதவீதம் குறையும். மெட்ரோவுக்குள் யாராவது தொந்தரவு செய்தால் 155655, மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வரும். வெளியே என்றால் 112, பெண்களுக்கான உதவி எண் 181. இந்த மூன்றையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், பெயருக்கு முன்னால் ஒரு 'அ' போட்டு வைத்தால் பட்டியலில் மேலே நிற்கும்.

கடைசி மெட்ரோ பதினொரு மணியை ஒட்டி. பத்தரைக்குமேல் அலுவலகத்தில் இருக்க நேர்ந்தால் வண்டி கேட்டு வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள், இரவு வேலை தரும் நிறுவனம் வீடு சேர்ப்பதும் அதன் வேலைதான்.

8. எண்ணும் பேச்சும்

இந்தி இலக்கணம் மெல்ல வரும். காசு எண்ணிக்கை மட்டும் முதல் வாரமே வேண்டும். ஒன்று, பத்து, நூறு என்று கற்றுக்கொண்டு வந்தவளுக்கு 'டேட் சௌ' என்றால் நூற்றைம்பது என்று தெரியவில்லை, 'டாயி சௌ' என்றால் இருநூற்றைம்பது. 'டாயி ஹசார்' இரண்டாயிரத்து ஐந்நூறு. 'சாடே தீன்' மூன்றரை. ஆட்டோக்காரரும் காய்கறிக்காரரும் வீட்டுக்காரரும் இப்படித்தான் பேசுவார்கள், புரியாமல் தலையாட்டினால் கூடுதல் காசு போகும். ஆட்டோக்காரரை 'பையா' என்றும், வீட்டு வேலைக்கு வரும் அக்காவை 'தீதி' என்றும் கூப்பிடுங்கள். எல்லோருக்கும் 'ஆப்' போடுங்கள். 'தும்' என்று ஆரம்பித்தால் வயதானவர்களுக்கு முகம் சுருங்கும்.

9. குளிர்: அக்டோபரிலேயே தயாராகுங்கள்

இதை யாரும் நமக்குச் சரியாகச் சொல்வதில்லை. நவம்பர் நடுவில் ஒரு காலை தலைக்கு எண்ணெய் வைக்கப் புட்டியைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன், அவள் எண்ணெயைப் பார்க்கவில்லை, நான் போட்டிருந்த ஒற்றைச் சுடிதாரைத்தான் பார்த்தாள். அன்று மாலையே போய் வாங்கினேன், அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

தெர்மல் உள்ளாடை இரண்டு ஜோடி, கம்பளிக் காலுறை, கழுத்தையும் காதையும் மூடும் தொப்பி, ஒரு நல்ல ஜாக்கெட், ஒரு ரஜாய், அதாவது பஞ்சு வைத்த கனத்த போர்வை. மொத்தம் ஆறாயிரம், ஏழாயிரத்துக்குள் முடிக்கலாம். ஜாக்கெட்டுக்கு சரோஜினி நகர், திங்கள்கிழமை விடுமுறை. டிசம்பரில் விலை ஏறிவிடும், அக்டோபர் கடைசியில் போய்விடுங்கள். தீபாவளியை ஒட்டிக் காற்று கெடும். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும் நாட்களில் துணி முகமூடி பயன்படாது, என்95 தான். இழுப்பு உள்ளவர்கள் ஊர் மருத்துவரிடம் பேசி மருந்தோடு வாருங்கள்.

ஹீட்டர் வாங்கும்போது கணக்குப் போடுங்கள். ப்ளோயர் 2,000 வாட் என்றால் ஒரு மணிநேரத்துக்கு இரண்டு யூனிட். நாலு மணிநேரம் ஓட்டினால் எட்டு யூனிட். துணை மீட்டரில் யூனிட் ஒன்பது ரூபாய் என்றால் மாதம் ரூ.2,160. ஒப்பந்தத்தில் யூனிட் விலையை எழுதச் சொன்னது இதற்குத்தான். பெரிய பதினாறு ஆம்பியர் பிளக்கில் மட்டும் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி உருகிவிடும்.

இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு, இங்கே அங்கீட்டி என்பார்கள், வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. சன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரும் கூடாது. இரண்டிலும் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதனால் இங்கே உயிர் போகிறது. வீடு பார்க்கும்போதே குளியலறையில் இருப்பது கரண்ட் கீசரா, கேஸ் கீசரா என்று நிமிர்ந்து பாருங்கள்.

10. சாப்பாடு

புழுங்கலரிசி, நல்லெண்ணெய், புளி, இட்லி அரிசி எல்லாம் ஐஎன்ஏ மார்க்கெட்டிலும் கரோல்பாக்கிலும் கிடைக்கும், மீனும் ஐஎன்ஏவில்தான். குளிரில் மாவு புளிக்காது. ஒரு நாள் முழுக்க வைத்தும் அரைத்தபடியே இருந்த மாவை, வெந்நீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி வைத்து, ரஜாயைச் சுற்றி விட்டேன். மறுநாள் காலை மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. உப்பை அரைத்தவுடன் போடாமல் புளித்த பிறகு போடுங்கள்.

11. கையில் எவ்வளவு வேண்டும்

மூன்றாவது வீட்டுக்கு, அதாவது ஒழுங்காக எடுத்த வீட்டுக்கு, எனக்கு ஆன கணக்கு: வாடகை 13,000, முன்பணம் 13,000, தரகு 6,500, ஒப்பந்தம் 900, மெத்தை, வாளி, அடுப்பு, பாத்திரம் என்று 9,000. இதோடு பிஜி 6,000, சம்பளம் வரும்வரை சாப்பாடும் மெட்ரோவும் 8,000. கூட்டினால் 56,400. குளிர்த்துணி தனி. அறுபதாயிரத்துக்குக் குறைவாக வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். குறைந்தால் அவசரத்தில் கண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். மாத நடுவில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும் இடங்கள் உண்டு, வேலை உத்தரவு வந்தவுடனே தேதியைக் கேட்டுவிடுங்கள்.

12. காலி செய்யும்போது

முப்பது நாளுக்கு முன் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுத்தாகச் சொல்லுங்கள். வாய்வார்த்தை "சொல்லவே இல்லை" என்றாகிவிடும். "கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களே எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், துரத்த வேண்டிய தொகையும் மிஞ்சாது. கிளம்பும் நாளில் குடிவந்த அன்று எடுத்த அதே வரிசையில் சுவர், கீசர், விசிறி, குழாய் எல்லாவற்றையும் மறுபடி வீடியோ எடுங்கள். மீட்டர் எண்ணைப் படம் எடுத்து, கடைசிக் கரண்ட் காசைக் கட்டி ரசீது வாங்குங்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறாதீர்கள். வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து, 'சாவி பெற்றுக்கொண்டேன், பாக்கி எதுவும் இல்லை' என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.